ஈஸா நபி (அலை) நமக்கும் நபியல்லவா?

1976-ல் வெளிவந்த ‘தி மெஸேஜ்’ படத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. அப்படியிருந்தும் முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. 1978-ல் வந்த தெலுங்குப் படம் ‘கருணாமயுடு’. அதில் விஜயசந்தர் என்ற நடிகர் ஈஸா நபி (அலை) அவர்களாகவே நடித்தார். தெலுங்கு புழங்கும் எங்கள் கெலமங்கலத்தில், “அது கிறிஸ்தவர்கள் படம், நமக்கென்ன?” என்பாருண்டு.

நமக்கென்னவா? இறைத்தூதர்களிடையே வேற்றுமை பாராட்டாதிருப்பது நம் ஈமானின் பகுதி (2:285). ஒரு நபிக்குரிய கண்ணியம் மற்றவருக்கு இல்லாமற்போகுமா? அதே நடிகர் 1986-ல் ஷீரடி சாயிபாபாவாக நடித்தார். வேடத்துக்கு வேடம் மாறும் அம்முகத்தையா நபியின் திருமுகமென்று நம் பிள்ளைகள் நெஞ்சில் பதிப்பது? மேலும், திருமறை மறுக்கும் சிலுவை மரணத்தை (4:157) கண்ணால் கண்டதாகவே பிள்ளை நம்பிவிடும்.

ஆயினும் கிறிஸ்தவ அன்பர்கள் அதை எடுத்தது இழிவுபடுத்த அல்ல, அன்பினால்தான். நம் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தும், அவர்களையல்ல. பிறர் வணங்குபவற்றை ஏசுவதையும் திருமறை தடுக்கிறது (6:108). ஆகவே கொட்டகை வாசலில் கூச்சல் வேண்டாம். வீட்டில் மர்யம் சூராவை ஓதி, தொட்டிலில் பேசிய அந்த நபியின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் சொல்லாததால்தான் திரை சொல்லித் தருகிறது.

வல்ல அல்லாஹ் நல்விளக்கம் அருள்வானாக! ஆமீன்.