நன்றி மறந்தவன் தலைவனாதல் யாங்ஙனம்?

காப்பியத்துக்குத் தலைவனாவான் தனக்கு ஒப்பாரில்லாத பெருமையுடையனாதல் வேண்டுமென்பது தண்டியலங்காரமுடையார் துணிபு. அத்தகைய தலைவன் கதை தொடங்கும்பொழுதே குணங்களான் நிரம்பியிருப்பன். துன்பம் அவனைச் சூழும்; பகை அவனைத் தாக்கும்; ஆயினும் அவன் தன்மை திரிவதில்லை. முடிசூடுக என்ற சொல்லையும் காடேகுக என்ற சொல்லையும் வேறுபடாத முகத்தோடு ஏற்ற இராமனை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆண்டு வீரமென்பது திரியாமையே. தீயிற்பட்ட பொன் பின்னும் பொன்னாகவே நிற்றல் கண்டு மக்கள் வியக்கின்றனர்.

மேனாட்டு நாவல்களுள் ஒரு வகை இதனின் முற்றும் வேறுபட்டது. ஓர் இளஞ்சிறுவன் உலகினுட் புகுந்து, மயங்கி, தவறி, அடிபட்டு, அறிவு நிரம்பி ஆடவனாகுங்காறும் உள்ள வரலாற்றைக் கூறுவது அவ்வகை. செருமானியப் புலவர் கதே 1795, 1796 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சியாண்டுகள்' என்னும் நூல் இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வகைக் கதையின் தலைவன் நிரம்பியவனல்லன், நிரம்பவேண்டியவன். திரியாதவனல்லன், திரிந்து திருந்துபவன். அங்ஙனமாயின் அவனைத் தலைவனென்றற்கு உரிய வீரம் யாது? கதையின் நடுவில் நிற்றலான் மட்டும் ஒருவன் தலைவனாகான். இறுதியில் அவன் எய்தும் செல்வமும் மணமுமே வீரத்தின் அடையாளமென்பார் உளர். பட்ட துன்பத்தின் மிகுதியே வீரமென்பாரும் உளர். செல்வம் தீயோர்க்கும் வருதலானும், துன்பம் கோழைக்கும் வருதலானும், அவ்விரண்டும் பொருந்தா. ஆதலின் இவ்வினாவை ஒரு நூலின்கண் வைத்து ஆராய்தல் தெளிவு தரும்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை தம் வார இதழில் தொடர்ந்து வெளியிட்டது 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் கதை. 'பெரும்பேற்றின் எதிர்நோக்கு' என அதன் பெயரைத் தமிழில் வழங்கலாம். அதன் தலைவன் பிப் என்னும் சிறுவன். தாய்தந்தையரை இழந்து தமக்கையின் வீட்டில் வளர்கின்றான். தமக்கை கடுமொழியும் கையோங்கலும் உடையவள். அவள் கணவன் ஜோ என்னும் கருமானோ எழுத்தறியான். ஆயினும் அன்பே உருவானவன். சதுப்பு நிலத்தையடுத்த இடுகாட்டில், கிறிஸ்துமஸ் முன்னாள் மாலை, சிறைக்கப்பலினின்று தப்பிய மாக்விச் என்னும் கைதி சிறுவனை அச்சுறுத்தி, உணவும் விலங்கறுக்க ஓர் அரமும் கொணருமாறு பணிக்கின்றான். அஞ்சிய சிறுவன் வீட்டினின்று அவற்றைத் திருடிக்கொண்டுபோய்க் கொடுக்கின்றான். மறுபடியும் பிடிபட்ட கைதி, சிறுவனைக் காட்டிக்கொடாமல், கருமான் வீட்டு உணவைத் தானே திருடியதாகப் படைவீரர் முன் கூறுகின்றான். அது கேட்ட ஜோ, பசித்த உயிர் உண்டது குறித்து வருந்தாது மகிழ்கின்றான்.

பின்னர்ப் பிப், ஹாவிஷாம் என்னும் செல்வச் சீமாட்டியின் இருளடைந்த மாளிகைக்கு அழைக்கப்படுகின்றான். ஆங்கு எஸ்தெல்லா என்னும் சிறுமி அவன் கைகளின் முரட்டுத்தன்மையையும் காலணியின் பருமையையும் இகழ்ந்து நகைக்கின்றாள். அன்று முதல் அவன் உலைக்களத்தையும், உலைக்களத்தில் உழைத்துத் தன்னை வளர்த்த ஜோவையும் எண்ணி வெட்கமுறுகின்றான். சில ஆண்டுகள் கழித்து, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் அவனுக்குப் பெருஞ்செல்வம் வைத்துள்ளாரென்றும், அவன் இலண்டன் மாநகர் சென்று கனவானாக வாழ்தல் வேண்டுமென்றும் வழக்கறிஞர் ஒருவர் வந்து உரைக்கின்றார். தொழில் பயிலும் பிள்ளையை இழப்பதற்கு ஈடு வேண்டுமோ என அவர் வினவ, பிள்ளையின் பிரிவுக்குப் பொருள் ஈடாகாதெனச் சினந்து மறுக்கின்றான் ஜோ. பிப் நகருக்குப் போகின்றான். ஜோ அவனைக் காண வந்தபொழுது, தன் அறையில் அவன் தொப்பியை வைக்கவும் அறியாது இடர்ப்படுவதைப் பார்த்து மனங்கூசுகின்றான், பொறுமையும் இழக்கின்றான். வளர்த்த கை, வளர்ந்தவனுக்கு இழிவாயிற்று.

இங்கே தமிழறிவுடையார் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். எவ்வறத்தைச் சிதைத்தார்க்கும் உய்தியுண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கோ உய்தியில்லை என்பது வள்ளுவர் வகுத்த வரம்பு. புறநானூற்றுச் சான்றோராகிய ஆலத்தூர்கிழாரும் இதனையே வற்புறுத்தினார். அவ்வரம்பின்படி பிப் உய்தியற்றவனல்லனோ? உய்தியற்றவனைத் தலைவனாகக் கொண்ட நூல் அறநூலார்க்கு உடன்பாடாமோ? இவ்வையத்தை விடுக்காமல் அவன் வீரத்தைப் பற்றிப் பேசுதல் அடிப்படையில்லாமற் சுவரெழுப்புதலாகும்.

நன்றியைக் கொல்லுதல் வேறு, நன்றியை மறைத்தல் வேறு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கொல்லப்பட்டது வருத்துவதில்லை, மறைக்கப்பட்டதோ உள்ளிருந்து உறுத்திக்கொண்டேயிருக்கும். பிப்பின் உள்ளம் ஒருநாளும் அமைதியுற்றதில்லை. ஊரை விட்டுப் புறப்படும் காலையில் வழிகாட்டிக் கம்பத்தினடியில் அவன் கண்ணீர் விடுகின்றான்; வண்டியினின்று இறங்கித் திரும்பிவிடலாமோ என வழிநெடுக எண்ணுகின்றான். ஜோ வருந்தி அகன்றபின் தெருவெங்கும் அவனைத் தேடி ஓடுகின்றான். மீண்டும் ஊருக்குச் செல்லுங்கால் ஜோவின் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்குதற்குத் தனக்குத்தானே பொய்க் காரணங்கள் படைத்துக்கொள்கின்றான். நன்றி இறந்துபட்டிருப்பின் காரணங்கள் எதற்கு? பொய்க்காரணம் தேடுவோன் உள்ளத்தில் உண்மை இன்னும் உயிரோடிருக்கின்றது. சாம்பல் மூடிய கனல் அவிந்த கனலன்று. ஆதலின் வள்ளுவர் வரம்புக்கு அவன் புறம்பானவனல்லன். ஆயினும் அவ்வரம்பின் விளிம்பில் நிற்பவன். அவ்விளிம்பினின்று அவன் மீள்வானோ வீழ்வானோ என்பதே கதையின் உயிர்நிலை.

அவன் விளிம்பை அடைந்தது எதனால்? நாணம் இடம்மாறியதனால். நாணுடைமை கூறப்புகுந்த வள்ளுவர், இழிந்த செயல்பற்றி எழுவதே சான்றோர்க்குரிய நாணமென முதற்கண்ணே வரையறுத்தார். பிப் கொண்ட நாணமோ செயல்பற்றியதன்று. கையின் முரடு, காலணியின் பருமை, உறவினனின் எழுத்தறியாமை என்பவை பற்றியது. இவை குற்றங்களல்ல, உழைப்பின் தழும்புகள். நாணவேண்டாதவற்றுக்கு நாணியவன் நாணவேண்டியவற்றுக்கு நாணாதவனாயினான். இத்துன்பத்தை டிக்கன்ஸ் தம் வாழ்விலும் அறிந்தவர். 1824 ஆம் ஆண்டில் அவர் தந்தையார் கடனுக்காகச் சிறைப்பட, பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய அவர் காலணி மை செய்யும் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டொட்டும் வேலை செய்தார். அதனை உலகறியாதபடி வாழ்நாள் முழுதும் மறைத்தார். 1870 இல் அவர் மறைந்தபின், நண்பர் ஜான் பாஸ்டர் எழுதிய வரலாற்றானே அது யாவர்க்கும் தெரியவந்தது. பொய்ந்நாணம் எத்துணை வன்மையுடையதென்பதை எழுதுதற்கு அவரினும் உரியார் அரியர்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது, பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுதல்போல என்பது சித்தாந்த நூல்களிற் பயின்றது. மாளிகையைச் சார்ந்த பிப் மாளிகையின் கண்கொண்டு உலைக்களத்தைப் பார்த்தான். அற்றேல், குற்றம் சார்பினதேயன்றி அவனதன்று எனின், அன்று, என்னை? பளிங்கு அறிவற்றது, தன் சார்பைத் தான் தேர்ந்துகொள்ளாது. உயிரோ இச்சையும் அறிவும் செயலும் உடையது. எதனைச் சார்வதென்பதில் அதற்குப் பொறுப்புண்டு. அப்பொறுப்பை ஏற்குமிடத்தே வீரம் பிறக்கின்றது.

பிப்புக்கு இருபத்துமூன்று வயதான காலத்தில், புயல் வீசும் இரவில், அந்தப் பழைய கைதி அவன் அறைக்கு வருகின்றான். ஆஸ்திரேலிய நாட்டுக்கு வாழ்நாள் முழுமைக்கும் கடத்தப்பட்ட மாக்விச், அங்கே ஆடு வளர்த்து ஈட்டிய பொருளனைத்தையும் அச்சிறுவனைக் கனவானாக்கவே அனுப்பிவந்தான். திரும்பிவந்தது தெரியின் தூக்குத் தண்டனை, தெரிந்தே வந்தான். அச்சத்தால் ஒரு குழந்தை கொடுத்த ஒருவேளை உணவை அவன் வாழ்நாளெல்லாம் நினைந்தான். தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்ளும் பண்பு, நாடு கடத்தப்பட்ட கைதியிடம் இருந்தது, கனவானிடம் இல்லை. சீமாட்டியின் செல்வமென்று கருதிச் செருக்குற்றது, தான் அருவருக்கும் ஒருவனின் வியர்வையென்பதைப் பிப் அன்றிரவு அறிந்தான். அறிந்தவுடன் அவன் திருந்திவிடவில்லை. அருவருத்தான், நடுங்கினான். ஆசிரியர் உண்மை கூறுபவராதலின் இவ்வருவருப்பை மறைத்திலர்.

மாறுதல் சிறிது சிறிதாக வருகின்றது. பிப் முதலில் அவன் பொருளை இனித் தொடுவதில்லையெனத் துணிகின்றான். அவன் தந்த பணப்பையைத் திறவாமலே திருப்புகின்றான். அடுத்து அவனைக் கடல்கடத்திக் காப்பாற்றத் தானே படகு வலிக்கின்றான். படகு பிடிபட்டு, மாக்விச் காயமுற்றுக் கிடக்கும்பொழுது, அவன் பக்கமே இனித் தன் இடமென அமர்கின்றான். அருவருப்பு முற்றும் உருகிப்போயிற்று. வழக்குமன்றத்தில் முப்பத்திரண்டு ஆண்பெண்களுக்கு ஒருங்கே மரணதண்டனை விதிக்கும் நாளில், கூண்டின் ஓரத்தில் நின்று அவன் கையைப் பற்றிக்கொண்டிருக்கின்றான். பார்க்க வந்தோர் சுட்டு விரலால் இவ்விருவரையுமே மிகுதியாகக் காட்டுகின்றனர். ஜோவோடு ஓர் அறையில் தனித்திருக்கவே கூசியவன், குற்றவாளியின் கையை ஊரறியப் பற்றுகின்றான். இதுவே அவன் வீரம். வாளெடுத்ததன்று, பகைவரை வென்றதன்று. நாணம் தன் உரிய இடத்துக்குத் திரும்பியது. திரும்பிய நாணத்தைப் பலர் முன்னிலையில் செயலாகக் காட்டும் துணிவும் உடன்வந்தது.

அற்றேல், பொருளை இழந்தமையாற் பிறந்த ஞானம் வீரமாமோ, கைவிட்டுப்போனதைத் துறந்தேனென்பது துறவாமோ எனின், கூறுதும்: பொருள் அரசுக்கு உரித்தானது மாக்விச் பிடிபட்ட பின்னரே. பிப் அதனை மறுத்தது, அது தன் கையருகே இருந்தபொழுது. மேலும் ஹாவிஷாம் அம்மையார் தன் தவற்றுக்கு வருந்தி அவனுக்கு உதவ முன்வந்தபொழுது, நண்பன் ஹெர்பர்ட்டின் தொழிலுக்குத் தொள்ளாயிரம் பவுன் வேண்டினானேயன்றித் தனக்கென ஒன்றும் வேண்டினானல்லன். அவ்வுதவியையும் நண்பன் அறியாதபடி செய்தான். பொருள் பறிபோவதை மாக்விச் அறியின் அவன் வாழ்வின் நோக்கமே வீணாயிற்றெனத் துயருறுவானென்று, சாகுங்காறும் அதனை அவனுக்கு உரைத்தானல்லன். வறுமை வற்புறுத்திய அறம் இத்துணை நுட்பமாக நடவாது.

இனி, இந்நூலின் மெய்த்தலைவன் ஜோவே. தவறாதவனை விடுத்துத் தவறித் திருந்தினவனைத் தலைவனென்பது முறையோ எனின், அவ்வினா ஆழமுடையதே. பிப் நோயுற்றுக் கிடக்க, ஜோ வந்து தாய்போற் பேணுகின்றான். அவன் கடனையும் தன் உழைப்பின் பொருளால் தீர்க்கின்றான். உடல் தேறியதும் ஒரு காலையில் சொல்லாமற் புறப்பட்டுவிடுகின்றான். சான்றாண்மை இதனினும் சிறந்தது எது? ஆயினும் ஜோ பழைய காப்பியத் தலைவனைப்போலத் திரியாதவன். அவன் அளவுகோல், பிப் அளக்கப்படுபவன். அளவுகோலின் பெருமை வேறு, அவ்வளவுக்கு நிமிர்வானின் முயற்சி வேறு. ஜோவைப் படிப்பார் வணங்குவர். பிப்பைப் படிப்பார் தம்மைக் காண்பர். பெரும்பாலார் நிலை ஜோவின் நிலையன்று. வளர்த்தோரை மறந்தும், எளிய உறவினரைச் சபையில் அறிமுகம் செய்யக் கூசியும் வாழ்வாரே மிகுதி. அவர்க்கு மீளும் வழியுண்டென்று காட்டுபவன் மீண்டவனேயன்றி மீளவேண்டாதவனல்லன்.

மற்றுமொன்று. இக்கதையைக் கூறுபவனும் பிப்பே. முதிர்ந்த பிப் இளைய பிப்பின் குற்றங்களைச் சொல்லுகின்றான். ஒன்றையும் மெழுகி மறைக்கவில்லை. சூழ்நிலைமேற் பழிபோட்டுத் தப்பவுமில்லை. தன் இழிவைத் தானே எண்ணி எண்ணி எடுத்துரைத்தற்கு வேண்டும் நெஞ்சுரம், போர்க்களத்து நெஞ்சுரத்திற் குறைந்ததன்று. பகைவனை எதிர்ப்பவனுக்குப் பக்கத்தில் துணைவருண்டு. தன்னைத் தான் எதிர்ப்பவனுக்குத் துணையில்லை.

கதையின் முடிவும் இதற்கு ஒத்தது. பிப் செல்வனாகவில்லை. உலைக்களத்துக்குத் திரும்பி, ஜோவிடமும் அவன் மணந்த பிடி என்னும் நல்லாளிடமும் மன்னிப்பு வேண்டுகின்றான். கெய்ரோ நகரில் எழுத்தனாய் உழைத்துக் கடன்களைத் தீர்க்கின்றான். பதினோராண்டுகள் கழித்தே ஊர் திரும்புகின்றான். எதிர்நோக்கிய பெரும்பேறு வாராதொழிந்தது; எதிர்நோக்காத பேறொன்று வந்தது. முரட்டுக் கைகளைக் கண்டு நாணியவன், அக்கைகளாற் பேணப்பட்டு எழுந்து, தன் கைகளால் உழைத்து உண்ணக் கற்றான்.

ஆகவே வளரிளைஞன் கதையில் தலைவனின் வீரமாவது பிழையின்மையன்று, வெற்றியுமன்று. நாணவேண்டியது எதற்கென அறிதலும், அறிந்தபின் அதன் விலையை ஒளியாமற் கொடுத்தலுமே அவ்வீரம். நன்றியென்னும் கனல் நெஞ்சில் அவியாதிருக்குமளவும் அது எவர்க்கும் கைகூடும். கனலின்மேற் படிந்த சாம்பலைக் காலந்தாழாது ஊதுதல் அறிவுடையார் கடன். ஜோ போன்றார் வாசலில் எந்நாளும் நின்றுகொண்டிரார்.