வாழ்க்கை வரலாற்றில் பற்றும் வாய்மையும்

முன்னுரை

மறைந்த ஒருவரது வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர், மறுமொழி கூற இயலாத ஒருவரைப் பற்றிப் பேசும் உரிமையை ஏற்கின்றனர். அவ்வுரிமையோடு இரு கடமைகளும் வந்து சேர்கின்றன. ஒன்று மறைந்தவர்பால் கொள்ளும் மதிப்பு. மற்றொன்று படிப்போர்பால் காட்ட வேண்டிய வாய்மை. இவ்விரண்டும் முரணுமிடத்து எதனைப் பேணுதல் வேண்டும் என்னும் வினாவை, உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையும் சான்றும்

தமிழில் புலவர் வரலாறு நெடுங்காலம் செவிவழிக் கதைகளாகவே பெரும்பாலும் வழங்கிற்று. விநோதரச மஞ்சரி போன்ற நூல்கள் அக்கதைகளைச் சுவைபடத் தொகுத்தன. அவை புலவரின் பெருமையை நிலைநாட்டின; அவர் எவ்வாறு கற்றார், எதனால் வருந்தினார் என்பவற்றில் அவற்றிற்கு நாட்டம் குறைவு.

1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரம் இந்நெறியினின்றும் வேறுபடுகிறது. பிள்ளை வாழ்ந்த காலம் 1815 முதல் 1876 வரை. உ.வே.சா. அவரிடம் பயின்றதோ 1871 முதல் ஏறத்தாழ 5 ஆண்டுகளே. அதற்கு முற்பட்ட வாழ்வை அவர் பழகியோரிடம் கேட்டும் கடிதங்களைத் தேடியும் தொகுத்தார். ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்த பின்னரே முதற்பாகம் வெளிவந்தது என்பது அவ்வுழைப்பின் அருமையை உணர்த்தும்.

பற்றின் எல்லை

மாணவர் எழுதும் ஆசிரியர் வரலாறு புகழ்மாலையாகவே முடியும் என்பது பொதுவான ஐயம். உ.வே.சா.வின் எழுத்தில் ஆசிரிய பக்தி வெளிப்படையானது. ஆயினும், தலபுராணங்கள் பல பாடிய பெரும்புலவர் கடன் தொல்லையால் வருந்தியதை அவர் மறைத்தாரல்லர். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் இசை பயின்றதை ஆசிரியர் விரும்பாமையையும், அதனால் அப்பயிற்சியைக் கைவிட்டதையும் 'என் சரித்திரம்' நூலில் அவரே எழுதியுள்ளார். அங்கே குறை கூறும் நோக்கமில்லை. எனினும் ஆசிரியரின் இலக்கியப் பற்றையும், அப்பற்று பிற கலைக்கு இடந்தராத நிலையையும் படிப்போர் ஒருங்கே காண்கின்றனர். தீர்ப்பு அவர்களிடமே விடப்படுகிறது.

மாணவர் கூறாது விட்டவை எவை என அளவிட இயலாதே எனலாம். அது உண்மையே. ஆனால் அக்குறை எவ்வகை வரலாற்றுக்கும் பொது. எழுதுவோர் தாம் நிற்குமிடத்தை ஒளிக்காதபோது, படிப்போர் அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ள இயலும். நடுநிலை பூண்டதாகக் காட்டிக்கொள்ளும் எழுத்தில் அவ்வாய்ப்பும் இல்லை.

முடிவுரை

பிள்ளை பொருள் பெறாது பாடம் சொன்னவர். சாதி, சமய வேறுபாடின்றி மாணவரை ஏற்றவர். அவர்களுள் பலருக்கு உணவும் அளித்தவர். மதிப்புக் கருதி அவரது கடனை மறைத்திருப்பின், அக்கொடையை அவர் எத்தகைய வறுமையினூடே செய்தார் என்பதும் மறைந்திருக்கும். குறையெனக் கருதி ஒளிக்கப்படுவது சிலபோது ஒருவரது பெருமையின் அளவுகோலாக அமைந்துவிடுகிறது. ஆதலின் வாய்மையைக் காப்பதே மறைந்தவர்க்குச் செய்யும் மதிப்புமாகும். பிள்ளையின் புராணங்களை இன்று பயில்வோர் சிலரே. இச்சரித்திரத்தின்வழி அவரை அறிந்தோர் பலர்.