அனஸ்தாசியா: சான்றில்லாப் புனிதை

பிரேசில் நாட்டில் ஏழைகளும் கறுப்பின மக்களும் வணங்கும் அனஸ்தாசியா என்னும் அடிமைப் பெண்ணுக்குத் திருச்சபையின் புனிதர் வரிசையில் இடமில்லை. கழுத்தில் இரும்பு வளையம், வாயை மூடிய தகட்டு முகமூடி, நீலக் கண்கள். இதுவே அவளது திருவுருவம். எசமானின் இச்சைக்கு இணங்க மறுத்தமையால் வாய் பூட்டப்பட்டு, அப்புண்ணாலேயே மாண்டாள் என்பர். கத்தோலிக்க அடியார் அவளைப் புனிதை என்கின்றனர். ஆபிரிக்க மரபுகள் கலந்த உம்பண்டா வழிபாட்டினரோ, அடிமைகளாய் இறந்த மூதாதையரின் ஆவிகளோடு அவளைச் சேர்த்து வணங்குகின்றனர். பேசவியலாத அவளிடமே மக்கள் தம் நோயையும் வறுமையையும் வாய்விட்டுச் சொல்கின்றனர்.

இவ்வுருவின் மூலம், 1817இல் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்பயணமொன்றில் வந்த ஜாக் அராகோ என்பார் வரைந்த ஓவியமாகும். அதில் காணப்படும் அடிமைக்குப் பெயரில்லை. அடிமை ஒழிப்பின் 80ஆம் ஆண்டாகிய 1968இல், றியோ நகரின் செபமாலை மாதா கோயிலைச் சார்ந்த காட்சியகத்தில் அது வைக்கப்பட்டது. பின்னரே அப்படத்தின்முன் பக்தி பெருகியது. அவள் வாழ்ந்தமைக்குச் சான்றில்லை எனத் திருச்சபை 1987இல் மறுத்தது. படமும் கோயிலினின்று அகற்றப்பட்டது.

வரலாற்று நோக்கில் திருச்சபையின் கூற்றை மறுத்தல் அரிது. அங்ஙனமாயின், இல்லாத ஒருத்தியை வணங்குதல் பொய்மையாகாதா? மக்களுக்கு ஆறுதல் தருவதனால் அது மெய்யே என்று சிலர் விடையிறுக்கக்கூடும். இவ்விடை ஏற்கத்தக்கதன்று. அடிமைகளுக்குப் பொறுமையைப் போதித்த எசமானரின் சமயமும் ஆறுதல் தந்ததுதானே!

சான்று எவரிடம் கேட்கப்படுகின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. ஆபிரிக்காவினின்று ஏறத்தாழ 48 இலட்சம் பேர் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டனர். பிறந்த ஊரில் வழங்கிய பெயர் நீக்கப்பட்டு, திருமுழுக்கின்போது வேறு பெயர் இடப்பட்டது. அடிமைமுறை 1888இல் ஒழிந்தபின், நிதியமைச்சர் றூயி பர்போசா 1890இல் அடிமைப் பதிவேடுகளை எரிக்குமாறு பணித்தார். எசமானர் இழப்பீடு கோருவதைத் தடுத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பர். நோக்கம் நன்றேயாயினும், தம் முன்னோரைத் தேடுவோர்க்கு எஞ்சியது சாம்பலே. இதனால் அனஸ்தாசியா வாழ்ந்தாள் என்று நிறுவப்படுவதில்லை. ஆயின் ஏட்டில் இல்லாதவர் வாழவேயில்லை என்னும் அளவுகோல், ஏடு வைத்திருந்தவர்க்கே சாதகமானது. முகமூடி கற்பனையன்று. அடிமைகள் மண் தின்று உயிர் மாய்ப்பதையும் மது அருந்துவதையும் தடுக்க எசமானர் அதனைப் பூட்டினர். சாவுங்கூட அடிமைக்கு உரியதாக இருக்கவில்லை. அதனை அணிந்தோர் பலர். அவர்களுள் ஒருவரின் பெயரேனும் வழிபாட்டில் இல்லாதிருந்தமையால், மக்கள் தாமே ஒரு பெயரை இட்டனர் எனலாம்.

இவ்வழிபாட்டின் உண்மையான இடர்ப்பாடு வேறொன்று. அவள் தன்னை வதைத்த எசமானை மன்னித்து, அவன் பிள்ளையின் நோயையும் தீர்த்தாள் என்று ஒரு கதை வழங்குகின்றது. வாய் பூட்டப்பட்டவளின் மன்னிப்பை அவள் சார்பில் பிறர் சொல்லலாமா? கொடுமை செய்தோரின் வழித்தோன்றல்களுக்கு இதைவிட இதமான கதை வேறு வேண்டுவதில்லை. 2019இல் யூரி குறூஸ் என்னும் பிரேசில் கலைஞர் முகமூடியை நீக்கி, புன்னகை பூத்த அனஸ்தாசியாவை வரைந்து, செபம் அச்சிட்ட சிறு படமாகவும் வழங்கினார். முகமூடியின் கீழ் இருந்த வாயை அராகோவின் ஓவியத்தில் காண வழியில்லை. அதனை அவர் தாமே வரையவேண்டியிருந்தது.