தோற்றவர் பணத்தில் பரிசு

டிஸ்க் கோல்ஃபில் பந்தும் மட்டையும் கிடையாது. தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கே வெற்றி. எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கு முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். பெயரில் தொழில்முறை இருந்தாலும் அச்சங்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள்தான்.

தொழில்முறைப் பிரிவில் வென்றவருக்குப் பணம், அமெச்சூர் பிரிவில் வென்றவருக்குப் பொருள் என்பது அங்கே வழக்கம். பொருள் என்றால் தட்டுகள், பைகள், அல்லது போட்டி அமைப்பாளரின் கடையில் செலவழிக்கத் தரும் சீட்டு. அமெச்சூர்களுக்குள்ளும் திறமைக்கேற்பப் பல படிகள் உண்டு. ஒவ்வொருவரும் முன்பு ஆடிய சுற்றுகளைக் கொண்டு ஒரு தரப்புள்ளி கணக்கிடப்படுகிறது. 1000ஐ எட்டியவர் தேர்ந்த ஆட்டக்காரர். கீழ்ப்படிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டியவர் அங்கே ஆட முடியாது.

வெளிப்பார்வைக்கு இதில் குறை தெரியாது. ஆனால் அந்தப் பொருளை வாங்கும் பணம் யாருடையது என்று கேட்டால்தான் சிக்கல் தெரிகிறது. கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் பரிசுப் பணம் பார்வையாளரிடமிருந்தும் விளம்பரதாரரிடமிருந்தும் வருகிறது. ஊர்ப் பூங்காவில் வார இறுதியில் நடக்கும் டிஸ்க் கோல்ஃப் போட்டிக்கு அப்படிப் பார்க்க வருவோர் அநேகமாக யாரும் இல்லை. ஆட வந்தவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணமே பரிசாகிறது. போன மாதம்தான் தட்டைக் கையில் எடுத்தவர் கட்டிய தொகை, சில வருடங்களாகப் பயின்றவரின் பைக்குள் போகிறது. போதாக்குறைக்கு, பரிசுப் பொருளைக் கடை விலையில் மதிப்பிடுகிறார்கள்; அமைப்பாளர் வாங்குவதோ அதைவிடக் குறைந்த மொத்த விலையில். இடையில் மிஞ்சுவது போட்டிச் செலவுக்குப் போகும். சில இடங்களில் தொழில்முறையினரின் பரிசுத் தொகையையும் கூட்டும்.

அமைப்பாளரைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் நியாயமல்ல. பெரும்பாலான ஊர்களில் அவர் சம்பளமில்லாமல் உழைப்பவர். புதர் வெட்டுவது, கூடைகளைப் பழுதுபார்ப்பது, மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்துவது எல்லாம் அவர் வேலை. அந்த மிச்சம் இல்லாவிட்டால் போட்டியே நடக்காமல் போகலாம். ஆனாலும் கட்டணம் கட்டிய புதியவருக்குத் தன் பணத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே கொடுத்தால் அது உதவி. தெரியாமல் கொடுத்தால் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

திறமை வளர்ந்த பிறகும் கீழ்ப்படியிலேயே தங்கி, பொருளை அள்ளிச் சென்று பிறகு விற்றுக் காசாக்குவோரும் உண்டு. அவர்களைச் சக ஆட்டக்காரர்கள் ‘சாண்ட்பேக்கர்’ என்று ஏசுகிறார்கள். வேண்டுமென்றே மோசமாக ஆடித் தரப்புள்ளியைக் குறைத்துக்கொள்வது ஏமாற்று, அதில் ஐயமில்லை. ஆனால் விதி அனுமதிக்கும் படியில் நின்று ஆடுபவரைத் திட்டுவதில் பொருளில்லை. மேலே ஏறினால் தோல்வி, கீழே நின்றால் பரிசு என்று வகுத்து வைத்துவிட்டு, ஏறாதவரை ஒழுக்கம் கெட்டவர் என்பது எப்படிச் சரியாகும்?

தொழில்முறைப் பிரிவிலும் சிறிய போட்டிகளில் ஆட வந்தவர்களின் கட்டணமே பரிசாகிறது. முன்னணி ஆட்டக்காரர் பால் மெக்பெத் 2021இல் தட்டுகள் தயாரிக்கும் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்துடன் பத்தாண்டுக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். ஆனால் அவரைப் போன்றவர் மிகச் சிலர். மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு, தாங்களே கட்டணம் கட்டி, ஒருவர் பணத்தை ஒருவர் வெல்கிறார்கள். ஆனால் அவர்கள் பணயம் வைப்பதை அறிந்தே வருகிறார்கள். கடைசிப் படியில் இருப்பவர் பணயம் வைக்க வரவில்லை, ஒரு நாள் ஆட வந்தார். அறத்தின் கோடு இங்கேதான் விழுகிறது.

பணத்தைத் தொட்டவரெல்லாம் தீட்டு என்ற பழைய அமெச்சூர் கொள்கைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 1912 ஒலிம்பிக்கில் வென்ற ஜிம் தோர்ப், அதற்கு முன் சிறு ஊதியத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காகப் பதக்கங்களைப் பறிகொடுத்தார். அவர் மட்டுமே வெற்றியாளர் என்று பதிவேடு திருத்தப்பட்டது 2022இல்தான். அந்தக் கொடுமை டிஸ்க் கோல்ஃபில் இல்லை. அமெச்சூர் ஒருவர் தொழில்முறைப் பிரிவில் ஆடி, பரிசுப் பணத்தை ஏற்க மறுத்தால் அமெச்சூராகவே தொடரலாம்.

மேலே ஏற விரும்புவோருக்கு அந்தக் கதவு திறந்திருப்பதால், கீழ்ப்படிகளில் வென்றவருக்கு ஒரு கோப்பை போதும். கட்டணத்தின் மதிப்பை, பதிவு செய்த அனைவருக்கும் காலையிலேயே தட்டாகவோ சட்டையாகவோ திருப்பிக் கொடுத்துவிடலாம். சில போட்டிகளில் இப்படிச் செய்கிறார்கள். பரிசு குறைந்தால் வருவோரும் குறைவர் என்ற அச்சம் பொய்யல்ல. பொருளுக்காக மட்டும் வந்தவர்கள் வராமல் போகக்கூடும். ஆனால் மைதானச் செலவு, அமைப்பாளரின் உழைப்பு, தொழில்முறையினருக்குச் சேரும் தொகை ஆகியவற்றை அறிவிப்பிலேயே தனித்தனியாகக் காட்டி, அதற்கென்று ஒரு கட்டணம் கேட்டால், மனமுவந்து கொடுக்கப் பலர் இருப்பார்கள்.