திண்டிவனத் தொலைவில் விண்வெளி

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் போக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதே தூரத்தைத் தலைக்கு நேர் மேலே அளந்தால் விண்வெளி வந்துவிடும். அதன் தொடக்கம் என்று பலரும் ஏற்கும் கார்மன் கோடு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. விண்மீன்கள் எட்டாத் தொலைவில் இருப்பதால், விண்வெளியும் எங்கோ இருப்பதாக நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் விழுப்புரம்கூட விண்வெளியைவிடத் தூரம்.

அந்த விழுப்புரத்து ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன், பொறியியல் படிக்க மேற்குத் தாம்பரத்துக்கு வந்தார். சாய்ராம் கல்லூரியில் படித்த அந்த மாணவர் ப. வீரமுத்துவேல்தான் பின்னாளில் சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ஆனார். 2023 ஆகஸ்ட் 23 அன்று அந்தத் திட்டத்தின் விக்ரம் கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் விண்வெளிக்குப் போவது ஏன் இத்தனை கடினம்? உயரம் அல்ல, வேகமே தடை. மேலே போய் மீண்டும் விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமென்றால் நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் தாம்பரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பதின்மூன்றே நொடி.

போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன இருக்கிறது? விக்ரம் நிலவின் மண்ணுக்குள் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தது. மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ். வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்கும் கீழே 10 டிகிரி. ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் கத்திரி வெயிலும் கடுங்குளிரும்! காற்று என்ற போர்வை இல்லாத உலகம் அப்படித்தான் இருக்கும்.

நம் போர்வையோ மிக மெல்லியது. பூமியின் காற்றின் எடையில் பாதி, தரையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம், அவ்வளவு தூரம்தான். கிண்டி வரும்போது கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு காற்று முடிந்திருக்கும். அதற்கப்பால் நுரையீரலுக்கு வேலை இல்லை. விண்வெளியைப் பற்றி எவ்வளவு படித்தாலும் என் மனம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்தக் கணக்கில்தான்.

அந்தக் காற்றில்தான் நாம் குப்பையைக் கொளுத்துகிறோம். 2018 போகியன்று எழுந்த புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தடைப்பட்டன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து, சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறினார்கள். புகை விண்வெளிக்குப் போய்த் தொலைவதில்லை; பல்லாவரம் தூரத்துக்குள்ளேயே சுற்றி, நம் பிள்ளைகளின் மூச்சில் சேர்கிறது.

வரும் போகிக்கு உங்கள் தெருவில் டயரும் பிளாஸ்டிக்கும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பொருள்களைக் குப்பை வண்டியில் சேர்க்கும்படி பக்கத்து வீட்டாரிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.