ஹைட்ராஞ்சியாவின் சுபாவம்

ஒரு பொருளுக்கு அதற்கே உரியதாய், வேறு எதையும் சாராததாய், மாறாத தன்மை ஒன்று உண்டா என்னும் கேள்வியைப் பௌத்தத் தத்துவம் ‘ஸ்வபாவம்’ என்ற சொல்லின்கீழ் விசாரித்தது. ஒருவருடைய குணத்தைச் ‘சுபாவம்’ என்று குறித்து, அது மாறாது என்று பேச்சை முடித்துவிடும் தமிழ் வழக்கில் வாழ்வதும் அதே சொல்தான். இந்த விசாரணைக்குத் தோட்டத்தில் புதிதாக நடப்பட்ட ஹைட்ராஞ்சியாச் செடியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடிக் கண்டடைவது அரிது.

இச்செடியில் பலரும் அறிந்த பெரும்பூ வகையின் தாயகம் ஜப்பான். அங்கே அதன் பெயர் அஜிசாய். கமகுராவில் ரின்சாய் ஜென் மரபைச் சேர்ந்த மெய்கெட்சு-இன் கோயில், ஜூன் மாத மழையில் நீலப் பூக்களால் நிறைந்துவிடுவதால், ‘அஜிசாய்க் கோயில்’ என்றே மக்கள் வழக்கில் அறியப்படுகிறது. ஆயினும் இப்பூவுக்கு நெடுங்காலமாக ஒரு பழியும் உண்டு. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷூ என்னும் கவிதைத் தொகுப்பில் ஓட்டோமோ நோ யாகமோச்சி இதை ஏமாற்றுப் பேச்சோடு சேர்த்தே பாடினார். பூவின் நிறம் நாளுக்கு நாள் மாறுவதால், நிலையற்ற மனத்தின் அடையாளமாகவே பின்னாளிலும் இது கருதப்பட்டது. பூவுக்கென்று ஒரு நிறம் உண்டு, அதற்கு அது உண்மையாக இருக்கவில்லை என்ற எண்ணமே இந்தப் பழிக்கு அடிப்படையாகும். அந்த எண்ணம் சரியா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியுள்ளது.

பூவாகக் கண்ணுக்குத் தெரியும் அந்த அகன்ற இதழ்கள், மொட்டை மூடிக் காக்கும் உறுப்பான புல்லி இதழ்கள் விரிந்து வளர்ந்தவை. நீலப் பூவானாலும் இளஞ்சிவப்புப் பூவானாலும் அவற்றில் அமைந்திருக்கும் நிறமி ஒன்றே; அது டெல்ஃபினிடின் எனப்படும் வகையைச் சேர்ந்தது. மண்ணின் கார அமில நிலை ஏறத்தாழ 5.5 அல்லது அதற்கும் கீழே இருக்கும்போது, மண்ணிலுள்ள அலுமினியம் நீரில் கரைந்து வேர்வழி ஏறி, இதழில் அந்நிறமியோடும் துணைப்பொருள்களோடும் பிணைவதால் பூ நீலமாகத் தோன்றுகிறது. மண் காரத்தன்மை கொள்ளும்போது அலுமினியம் கரையாமல் தங்கிவிடுவதால் அதே நிறமி இளஞ்சிவப்பாகிறது. நீலம் நிறமியினுடையதா, மண்ணினுடையதா, நீரினுடையதா என்று பிரித்துக் கேட்டால், எதனையும் தனியே சுட்டிக்காட்ட இயலாது. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுவதையே பௌத்தர் சார்பில் தோற்றம் என்றனர். பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாக அதன் பன்னிரண்டு கண்ணிகளையும் தமிழில் முறையாக விரித்துரைத்த காப்பியம் மணிமேகலை.

புதிதாக நட்ட செடியில் இது இன்னும் கூர்மையாகப் புலப்படுகிறது. நாற்றங்காலின் தொட்டி மண்ணில் அரும்பிய பூ, நட்ட முதல் ஆண்டில் அந்தப் பழைய மண்ணின் நிறத்தையே காட்டக்கூடும். வேர்கள் தோட்டத்து மண்ணுக்குள் பரவியபின் அடுத்த ஆண்டில் வேறு நிறம் வரும்போது, தமக்குத் தவறான செடி தரப்பட்டதாக வளர்ப்போர் வருந்துவது உண்டு. அவ்விடைக்காலத்தில் செய்யத்தக்கவை எல்லாம் சார்புகளைப் பேணும் செயல்களே: தொட்டியில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்காமல் நடுதல், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் தருதல், வேர்க்கட்டியின் அடிவரை நனையுமாறு நீர் விடுதல், ஈரம் காக்க இலைச்சருகால் மூடாக்கு இடுதல். கடும் பிற்பகலில் பெரிய இலைகள் துவண்டு தொங்குவது, வேர் உறிஞ்சும் நீரைவிட இலைவழி ஆவியாகும் நீர் மிகுவதால் நேர்வதாகும்; மண்ணில் ஈரம் இருந்தால் மாலையில் அவை தாமே நிமிரும். அதைப் பொறாமல் மீண்டும் மீண்டும் நீரூற்றினால் வேர் அழுகும். துன்பத்தைக் கண்டு இரங்குவதோடு அதன் காரணத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் இடங்கள் குறைவு.

எதற்கும் தன்னியல்பு இல்லையென்றால் பேணுதலும் பொருளற்றதாகாதா என்ற ஐயம் இங்கே எழும். ஏறத்தாழ 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்தத் தத்துவஞானி நாகார்ச்சுனர், தம் நூலான மூலமத்யமககாரிகையின் 24ஆம் இயலில் இந்த ஐயத்தைக் கேட்டவரிடமே திருப்பிவிடுகிறார். பொருள்களுக்கு மாறாத தன்னியல்பு இருந்தால்தான் காரணமும் காரியமும் செயலும் பயனும் இயலாமற்போகும் என்பது அவர் வாதம். நீலம் செடிக்குள்ளேயே முடிந்த முடிபாக இருந்தால் தோட்டக்காரர் செய்ய எதுவும் மிஞ்சாது. சார்ந்து தோன்றுவதால்தான் அவர் ஊற்றும் நீருக்கு இடமிருக்கிறது.

வலுவான மறுப்பு வெள்ளை ஹைட்ராஞ்சியாவிடமிருந்து வருகிறது. அமில மண்ணில் நட்டாலும் காரமண்ணில் நட்டாலும் அது வெள்ளையாகவே பூப்பதால், இதுவன்றோ சுபாவம் என்று தோன்றும். அதன் இதழ்களில் அந்நிறமி இல்லாததால் அலுமினியம் பிணைவதற்கு ஏதுமில்லை என்பதே காரணம். அந்த இன்மையும் வித்துவழி வந்ததாகையால், அதுவும் ஒரு சார்பே ஆகும். எதிலிருந்தும் எதுவும் தோன்றலாம் என்று பௌத்தம் ஒருபோதும் கூறியதில்லை. முதன்மைக் காரணமான ஏதுவையும், மண், நீர் போன்ற துணைக்காரணங்களையும் வேறுபடுத்தியே அது பேசியது. எனவே வெள்ளைப் பூவை நீலமாக்க முயன்று மண்ணில் ஓயாது படிகாரம் கொட்டுபவர், சார்பைப் பேணுபவர் ஆகார். தம் விருப்பத்தைச் செடியின்மேல் ஏற்றுபவரே ஆவார்.

சார்ந்து தோன்றுதல் பூவின் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. ஜப்பானியர் ஏப்ரல் 8ஆம் நாளைப் புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடுகையில், பூக்களால் வேய்ந்த சிறு மண்டபத்தில் நிற்கும் குழந்தைப் புத்தரின் திருவுருவுக்கு ‘அமச்சா’ என்னும் இனிய தேநீரை அகப்பையால் முகந்து ஊற்றுவர். அது மலை ஹைட்ராஞ்சியாவின் ஒருவகை இலையிலிருந்து வடிப்பது. கிளையில் இருக்கும் பச்சை இலையில் அந்த இனிப்பு இல்லை. இலையைப் பறித்து, வாட்டி, கசக்கி, புளிக்கவைத்து உலர்த்தியபின்னரே அது வெளிப்படுகிறது.