மனிதன் ஒரு ‘வளம்’ தானா?

டேராடூனிலுள்ள இந்திய இராணுவ அகாதமியின் செட்வுட் மண்டபத்தில் மூன்று வாக்கியங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1932 டிசம்பர் 10-ஆம் நாள் அகாதமியைத் தொடங்கிவைத்து, அன்றைய தலைமைத் தளபதி சர் பிலிப் செட்வுட் ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. அவற்றின் சாரம் ஒரு வரிசைமுறை. தேசத்தின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில். தன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து. அதிகாரியின் சொந்தச் சுகமும் பாதுகாப்பும் என்றைக்கும் கடைசியில்.

இவற்றுள் முதலிடமும் கடைசியிடமும் எளிதில் விளங்குபவை. தேசபக்தியும் தன்னல மறுப்பும் யாவரும் போற்றும் குணங்களே. ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது நடுவிலுள்ள இடத்தைப் பற்றித்தான். சிப்பாயின் நலன் அதிகாரியின் சுகத்திற்கு மேலே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தேசத்தின் தேவைக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. அவரைக் கண்ணும் கருத்துமாகப் பேணும் அதே தலைவர், ஒருநாள் அவரை மரணத்தின் வாயிலுக்கு அனுப்பவும் நேரலாம். பேணுகின்ற கையும் அனுப்புகின்ற கையும் ஒன்றாக இருக்கும்போது, அந்தப் பேணுதல் எந்த அளவுக்கு உண்மையானது?

நிர்வாகவியலில் இன்று ‘மனித வளம்’ என்ற சொல் பெருவழக்காகிவிட்டது. வளம் என்றால் நிலக்கரி, இரும்பு, நீர் போன்றது; எடுத்துப் பயன்படுத்தத் தக்கது; தீர்ந்துபோனால் வேறிடத்தில் தேடத் தக்கது. மனிதனுக்கு இந்தச் சொல்லைச் சூட்டியவர்கள் தீய எண்ணத்தோடு சூட்டவில்லை என்றாலும், சொல்லுக்கும் ஒரு வாசனை உண்டு. சுமார் 12 லட்சம் பேரைக் கொண்ட இந்தியத் தரைப்படையைப் போன்ற ஓர் அமைப்பில் மனிதரை எண்ணிக்கையாகப் பார்ப்பது தவிர்க்க முடியாதது. எத்தனை பேருக்கு ரேஷன், எத்தனை ஜோடி பூட்ஸ், எத்தனை படுக்கை என்று கணக்கிடாமல் ஒருவருக்கும் சோறு போட இயலாது. எண்ணத்தான் வேண்டும். எண்ணும்போதே அந்த எண்ணுக்குள் ஒரு தாயின் மகன் இருக்கிறான் என்பதை மறவாதிருப்பது எப்படி என்பதே கேள்வி.

தலைவனுக்கு அன்பு இருந்தால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று சிலர் விடை கூறுவர். அந்த விடை போதாது என்பதை 1962 நவம்பர் 18-ஆம் நாள் லடாக்கில் ரெசாங் லா கணவாயில் நடந்தது காட்டுகிறது. 16,000 அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், 13-ஆவது குமாவோன் பட்டாலியனின் ‘சார்லி’ கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் சீனப் படையை எதிர்த்து நின்றது. சுமார் 120 பேரில் 110 பேருக்கு மேல் அங்கேயே வீழ்ந்தனர். படுகாயமுற்ற மேஜரை அவருடைய வீரர்கள் தூக்கிச் செல்ல முயன்றபோது, தம்மை விட்டுவிட்டு உயிர் பிழைக்குமாறு அவர் ஆணையிட்டார். பனி இறுகிய அந்த மலையில் கிடந்த உடல்கள் மறு ஆண்டின் தொடக்கத்தில்தான் கண்டெடுக்கப்பட்டன. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. செட்வுட் மண்டபத்தின் வரிசைமுறையை இதைவிட முழுமையாகக் கடைப்பிடித்துக் காட்ட எவராலும் முடியாது.

ஆனால் அந்த வீரர்களிடம் இருந்தவை பழைய .303 துப்பாக்கிகள். அந்தக் குளிருக்குத் தாங்கும் உடையோ காலணியோ போதுமான அளவில் இல்லை. இடையே உயர்ந்து நின்ற முகடு மறைத்ததால் பீரங்கிப் படையின் துணையும் கிட்டவில்லை. கம்பெனித் தலைவரின் இதயத்தில் அன்புக்குக் குறைவில்லை. பல நூறு கல் தொலைவிலிருந்த அலுவலகங்களில் குறை இருந்தது. அங்கு அமர்ந்திருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு அந்த 120 முகங்களும் தெரியவில்லை, அவ்வளவே. பேரமைப்பில் கொடுமை பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. யாரும் யாரையும் வெறுப்பதில்லை. ஒரு கோப்பு நகராமல் கிடக்கிறது, மலையுச்சியில் ஒருவர் விறைத்துப் போகிறார்.

ஆகவே பெரிய அமைப்பில் கருணை ஓர் உணர்ச்சியாக மட்டும் தங்கிவிட்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அது சரியான அளவுள்ள பூட்ஸாகவும், உரிய நாளில் கிடைக்கும் விடுப்பாகவும் உருமாற வேண்டும். கிடங்கில் கம்பளி உடைகளைக் கணக்கெடுக்கும் எழுத்தர் தாம் செய்வது வெறும் குமாஸ்தா வேலை என்று எண்ணக்கூடும். பலனில் பற்றின்றிக் கடமையைச் செய்வது குறித்துக் கீதை போர்க்களத்தில்தான் பேசப்பட்டது. அந்த உபதேசம் வில்லேந்தியவனுக்கு எவ்வளவு பொருந்துமோ, கணக்கேட்டை ஏந்தியவருக்கும் அவ்வளவு பொருந்தும். முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்யப்படும் வேலையில் சிரத்தை குறையாமல் இருப்பது கண்ணெதிரே நிற்பவருக்கு உதவுவதைவிடக் கடினமான சாதனை.

இந்திய இராணுவத்தில் இதற்கான ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ‘சைனிக் சம்மேளனம்’ என்ற கூட்டத்தில் பட்டாலியனின் தலைமை அதிகாரி எல்லா நிலை வீரர்களையும் ஒருங்கே சந்திக்கிறார். குறைகளை அங்கே எழுப்பலாம். ‘படாகானா’ என்னும் பெருவிருந்தில் அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உண்கின்றனர். தம் வீரர்களின் மொழியை அதிகாரி கற்றுக்கொள்வதும், அவர் எந்தச் சமயத்தவராயினும் வீரர்களின் வழிபாட்டில் கலந்துகொள்வதும் நெடுங்கால மரபுகள். ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு.

இவற்றுள் விடுப்பு என்பது வெளியாருக்குச் சிறிய விஷயமாகத் தோன்றும். எல்லைக் காவலில் இருப்பவருக்கு ஊரிலிருந்து செய்தி வருகிறது: பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான், அல்லது மனைவிக்கு உடல்நிலை சரியில்லை. அன்று முதல் அவருடைய உடல் மட்டுமே காவலில் நிற்கிறது. படையில் நிகழும் தற்கொலைகளுக்கான காரணங்களில் குடும்பச் சிக்கல்களும் நிலத் தகராறுகளும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இதனை உணர்ந்துதான் போர்க் காலத்திலும் சிறப்புச் சூழல்களிலும் பணிபுரியும் வீரருக்கு எதிரான வழக்கு அவர் இல்லாத நேரத்தில் தீர்ந்துவிடாமல் காக்க, 1925-ஆம் ஆண்டிலேயே இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஜவானின் நிலப் பிரச்சினைக்காக அவருடைய தலைமை அதிகாரி மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதும் வழக்கமும் உண்டு. அந்தக் கடிதம் எழுதப்படுகிறதா, எழுதிய பின் பதில் வந்ததா என்று விசாரிக்கப்படுகிறதா என்பதில்தான் ஒரு தலைவரின் தரம் தெரிகிறது. வீரவுரைகளில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நன்றாக உண்டு, கவலையின்றி இருக்கும் வீரர் நன்றாகப் போரிடுவார். ஆகையால் இந்தப் பேணுதலெல்லாம் கத்தியைத் தீட்டிவைப்பது போன்றதுதானே? இந்த ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. பல சமயங்களில் இரண்டும் ஒன்றாகவே செல்கின்றன. 1971 ஏப்ரலில் கிழக்கு வங்கத்தில் உடனே போர் தொடுக்க இயலுமா என்று கேட்கப்பட்டபோது, படைத் தலைவர் சாம் மானெக்‌ஷா மறுத்ததாகப் பின்னாளில் அவரே பலமுறை கூறினார். மழைக்காலத்தில் ஆறுகள் கடலாகும், இமயக் கணவாய்கள் திறந்திருக்கும், படை ஆயத்தமாகவில்லை. டிசம்பர் 3-ஆம் நாள் மூண்ட போர் 16-ஆம் நாள் முடிந்தது. அந்தக் காத்திருப்பு வெற்றியையும் தந்தது, வீணாகப் போயிருக்கக்கூடிய உயிர்களையும் காத்தது. எதற்காகக் காத்திருந்தார் என்று பிரித்துப் பார்க்க இயலாது.

பிரித்துப் பார்க்க இயலுவது, ஒருவரால் இனிப் பயன் எதுவும் இல்லை என்றான பிறகுதான். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், நான்கு ஆண்டுகளுக்குப் பின் 25 சதவீதத்தினர் வரையே படையில் நிலைபெறுவர் என்று வகுத்தது. வெளியேறும் இளைஞர்களை அமைப்பு எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பது வருங்காலம் காட்ட வேண்டிய விடை. பழைய விடைகள் சில நம் முன் உள்ளன. புனே அருகில் கிர்கீயில், ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-இல் தோன்றிய குவீன் மேரி தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டு எழ இயலாத வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் அங்கேயே இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் அவர்களுள் ஒருவரும் இனி எல்லைக்குத் திரும்பப் போவதில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில், 19,000 அடிக்கு மேலிருந்த ஒரு காவல் நிலையைப் பனிச்சரிவு மூடியது. 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சார்ந்த பத்துப் பேர் புதையுண்டனர். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களிலிருந்து சென்றவர்கள். எவரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றே கருதப்பட்டது. இரங்கல் செய்திகளும் வெளிவந்துவிட்டன. மீட்புப் படையினரோ மோப்ப நாய்களுடனும் பனி வெட்டும் கருவிகளுடனும், மூச்சுவிடுவதே உழைப்பாகிற அந்த இடத்தில், கல்லாய் இறுகிய பனியை இரவும் பகலும் வெட்டிக்கொண்டிருந்தனர். ஆறாம் நாள், இருபத்தைந்து அடிக்கும் ஆழத்தில், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் இருந்தார். டெல்லி இராணுவ மருத்துவமனையில் 11-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவர் கிடைத்த பின்னும், பத்துப் பேரும் கண்டெடுக்கப்படும் வரை மேலே வெட்டுவது நிற்கவில்லை. வானிலை இடங்கொடுத்த பிறகு மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராக அவரவர் ஊருக்கு வந்து சேர்ந்தனர்.